பூட்ஸுக்குப் பொட்டு

ஆகஸ்ட் 12, செவ்வாய்
காலையிலேயே ஆஸ்பத்திரி வார்டில் புழுக்கம். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், இன்றோடு இருபது நாள். இருமி இருமி விலாவெல்லாம் வலி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் வெள்ளைத் திட்டு. டி.பி.யோ என்று சந்தேகம். இல்லை, வேறு என்னதான்? டாக்டரம்மா சளி கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 13
சளி டப்பா இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தது. "இது வெறும் எச்சிலும்மா" என்று நீட்டினாள் லேப் பெண்.
விசாரித்தால், பல் விளக்கி நாலு தரம் கொப்பளித்துச் சுத்தமாகக் கொடுத்திருக்கிறார் மனிதர்.
"படிச்ச பொண்ணு கையில கோழைய எப்பிடிடி குடுக்கறது?"
அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. "நீங்க போயிட்டா அந்த மரியாதைய வெச்சி நான் இன்னா பண்றது? காறித் துப்புங்க!"
வார்டே திரும்பிப் பார்த்தது. துப்பினார்.

ஆகஸ்ட் 18, திங்கள்
கிருமி சிக்கியது! டி.பி. இல்லை. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ் (எழுதி வாங்கிக்கொண்டேன்). அபூர்வமாம். கிருமி சேற்றில் இருக்குமாம். சர்க்கரை உள்ளவர்களைச் சுலபமாகப் பிடிக்குமாம். வயலில் சேறு மிதிக்கும் இவருக்குச் சர்க்கரையும் உண்டு, கிருமி நுழையக் கால் வெடிப்பும் உண்டு.
ஊசி இரண்டு வாரத்துக்குக் குறையாமல். பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. பாதியில் விட்டால் திரும்ப வரும். உயிருக்கே ஆபத்து.

ஆகஸ்ட் 27
காய்ச்சல் இல்லை. நேற்றும் இல்லை. நாலு இட்லி. சட்னியில் காரம் போதவில்லையாம். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார், இனி பிழைத்துக்கொள்வார்.

செப்டம்பர் 3
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஐயா, இனிமே வெறுங்காலோட சேத்துல எறங்கக் கூடாது. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடணும்" என்றார் டாக்டரம்மா.
இவர் முகம் தொங்கிவிட்டது. "நெலத்துல செருப்போட எறங்கறதா? எங்கப்பா வரப்புலயே கழட்டிடுவாரு."
"அப்ப வரப்புலயே குந்திக்குங்க" என்றேன். எங்கள் ஊர் உறுவையாறு வரும்வரை பஸ் ஜன்னல் வழியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 10, வெள்ளி
தூறல். நடவு. மாத்திரை கொடுத்தாச்சு.
வில்லியனூரில் நான் வாங்கிவந்த பூட்ஸ் ஒரு மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. பார்த்தால் காணோம். ஆளும் இல்லை. எங்கேயாவது வீசிவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டாரோ? நிலத்துக்கு ஓடினேன்.
வரப்பில் நிற்கிறார். பூட்ஸ் இரண்டுக்கும் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுகிறார். தூறலில் அணைய அணையத் திரும்பக் கொளுத்துகிறார். நடவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு.
"இன்னா இப்போ? ஏரு மாதிரி இதுவும் ஒரு சாமான்தான்" என்றார், என்னைப் பார்க்காமல். நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, மாட்டிக்கொண்டு இறங்கினார்.
பத்தடி போனதும் இடது பூட்ஸ் புதைந்துவிட்டது. வரவே மாட்டேன் என்கிறது. கை கொடுக்கலாம் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தேன்.
"ஏய்! வெறுங்காலோட எறங்காதடி!" என்று கத்தினார்.