எஸ்டிமேட்டில் அடித்த கூலி

அன்புள்ள அப்பாவுக்கு அனிதா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். சாரத்திலிருந்து விழுந்தபோது அடிபட்ட தோள் எப்படி இருக்கிறது? கையைத் தூக்க முடிகிறதா? போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

இந்தச் சென்னை வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள். நேற்று இன்ஜினியர் வந்து சமையலறையையும் குளியலறையையும் அளந்து எட்டு லட்சம் ஆகும் என்றார். கூலி மட்டும் மூன்று லட்சமாம்.

மாமா சிரித்தார். “கூலிய அடிச்சிடுங்க சார். எங்க மச்சான் ஜெயங்கொண்டத்துல பெரிய கொத்தனாரு. அவரு பொண்ணத்தான நாங்க படிக்க வெக்கிறோம். வந்து செஞ்சு குடுத்துட்டுப் போறாரு.”

அத்தை என்னைப் பார்த்து, “என்னடி, ஒங்கப்பா மாட்டேன்னா சொல்லிடுவாரு?” என்றார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அழுகைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா உங்களைக் கூப்பிடுவார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம். அந்தத் தோளோடு நீங்கள் இங்கே வந்து சுவர் இடிக்கக் கூடாது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு நடுவருஷத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள்.

அத்தை எழுந்துவிட்டார். விளக்கை அணைக்கிறேன்.

அனிதா