பல்சக்கரத்தை வெளியே தள்ளிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் கை கால் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் இதை நான் நல்ல மனநிலையில் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா ஏன் இப்படிச் சிடுசிடுவென்று எழுதியிருக்கிறாள் என்று தம்பியைக் குடையாதே. போனில் பேசலாம் என்றால் எடுத்ததும் "வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய், அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வரும் என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது, அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் நாம் கட்டைக்குரல் என்று பேர் வைத்த பாட்டுக்காரன் தனியாகப் பாடி வெளியிட்டிருக்கும் ஆல்பத்தைப் பற்றியது. ஐம்பதைத் தாண்டியவள் ஒரு கொரியப் பாட்டுக்காரனுக்காக மகளுக்குக் கோபக் கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம், ஆனால் இந்த வியாதியை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நீதான். கல்லூரியில் படிக்கும்போது அந்த ஐந்து பையன்களின் பாட்டை வீடு அதிர வைப்பாய், நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்து அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன். எல்லா முகமும் ஒன்றாகத் தெரிகிறதே, முடியின் நிறத்தை வைத்து அடையாளம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "முடி அடுத்த மாசம் மாறிடும்மா, குரலை வச்சுக் கண்டுபிடி" என்றாய். சொன்னபடியே கண்டுபிடித்தேன். மற்ற நான்கு பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மேலே மேலே போவார்கள், இவன் மட்டும் கடைசி வரிசையில் நின்று, பாட்டு முடியப்போகிற நேரத்தில் ஒரே ஒரு வரியைக் கீழே இறங்கிப் பாடுவான், கனமான மேசையைத் தரையில் இழுத்த மாதிரி. அந்த ஒரு வரிக்காக முழுப் பாட்டையும் பொறுத்துக்கொண்டவள் நான். இவனுக்கு முழுப் பாட்டும் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நீயும் நானும் பேசாத நாள் உண்டா.

கொடுத்துவிட்டார்கள். ஆல்பம் வந்த அன்று மத்தியானம் பல் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு, காத்திருக்கிறவர்கள் உட்காரும் அறையின் ஸ்பீக்கரிலேயே போட்டேன், நல்ல விஷயம் நாலு பேர் காதில் விழட்டும் என்ற பெருமையில். முதலில் கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு கதவை யாரோ இடிக்கிற சத்தம். பிறகு விருந்தாளியாகக் கூப்பிட்ட வேறொரு பாட்டுக்காரன் வந்து மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான், வாடகை கொடுக்காமல் பாதி வீட்டைப் பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி. நம்மவன் எங்கே என்று தேடினால், அவன் குரலை மேலே ஏற்றி, மெல்லிசாக்கி, மெஷினில் போட்டு வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கே அடையாளம் தெரியவில்லை, யோசித்துப் பார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தி, "அம்மா, பல் வலியே போதும்மா" என்றார். நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து தம்பியின் கம்ப்யூட்டரில் படத்தோடு பார்த்தேன், அது இன்னும் மோசம். தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் நடக்கிறான், நடக்கிறான், பின்னால் ஒரு கார் எரிகிறது, இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையிலிருந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றாமலே பின்னால் நின்று பார்த்தார். லிப்ட் மெக்கானிக் அல்லவா, அவருக்கு எல்லாமே லிப்ட்தான். "பாட்டு ஓடுது, ஆனா உள்ள ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கருவிகள் கழுவும் அறையில் உட்கார்ந்து, உன் ரசிகர் பக்கத்தில் மனதில் பட்டதை எழுதினேன். ஆமாம், உன் பக்கத்தில்தான், நீ அட்மினாக இருக்கும் அதே பக்கத்தில். நான் அதில் ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்தேன், உனக்குத்தான் தெரியாது. நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது, "அம்மா எல்லாம் குரூப்புக்குள்ள வந்தா மானம் போயிடும்டா" என்று தம்பியிடம் சொன்னாயாம், அதனால் அவனே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துச் சேர்த்துவிட்டான். அம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரி, அப்பாவுக்குச் சக்கரமும் கம்பியும், அதனால் பல்சக்கரம். இப்போது நினைவுக்கு வருகிறதா? இத்தனை வருஷம் ஒரு வரிக்காகக் காத்திருந்தோம், இப்போது முழு ஆல்பத்தையும் கையில் கொடுத்தும் அந்த ஒரு வரியின் அளவுகூட அவன் இதில் இல்லை, இது அவன் குற்றமா, அவனை நம்பாதவர்களின் குற்றமா என்று எழுதியது நான்தான். திட்டவில்லை, கேவலமாக ஒரு வார்த்தை இல்லை. அதற்கு நீ என்ன பதில் போட்டாய் என்று மறந்திருந்தால் நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். "பல்சக்கரம் அண்ணா, இது புது மாதிரி மியூசிக். உங்க வயசுக்குப் புரியாதுன்னா பழைய பாட்டைக் கேட்டுட்டு சும்மா இருங்க. இங்க குறை சொல்றவங்களுக்கு இடம் இல்ல." பெற்றவளை அண்ணா என்று கூப்பிட்ட பெண் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பதில் எழுதி முடிப்பதற்குள் என்னை வெளியே தள்ளிவிட்டாய். கையில் போன் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதற்குள் உள்ளே நோயாளியை அனுப்பச் சொல்லி டாக்டரம்மா கூப்பிட்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.

எனக்கு எங்கே வலித்தது என்று உனக்குப் புரிய வேண்டும். பாட்டுக்காக இல்லை. உன் பக்கம்தான் எனக்கு உன் வீட்டு ஜன்னல் மாதிரி இருந்தது. பரீட்சை பயம் என்று முகம் தெரியாத ஒரு பெண் எழுதினால் நீ பக்கம் பக்கமாக ஆறுதல் எழுதுவாய், அதைப் படித்து, பரவாயில்லை, பிள்ளையை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று பெருமைப்படுவேன், கூடவே பொறாமையும் படுவேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். உனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்ததை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நீ வீடு மாறியதையும், புது அறை சின்னது, வெளிச்சம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியதையும் அங்கேதான் படித்தேன். எங்களிடம் "எல்லாம் சூப்பர்மா" என்றாய். அந்தச் சூப்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. உண்மையை ஊராருக்குச் சொல்கிறாய், அம்மாவுக்கு விளம்பரத்தைக் காட்டுகிறாய், நான் ஓரமாக நின்று ஊராரோடு ஊராராகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் உனக்குப் பொறுக்கவில்லை. அம்மா என்று தெரியாமல்தானே செய்தாள் என்று தம்பி உனக்காகப் பேசுகிறான். தெரியாத ஆளாக இருந்தால் மட்டும் அப்படித் தள்ளலாமா? எதிரில் இருக்கிறவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு மனசு இருக்கும் இல்லையா. பிடித்ததை மட்டும் சொல் என்றால் அது ரசிகர் கூட்டமா, மாமியார் வீட்டு விருந்தா.

இதற்குப் பிறகு நடந்ததையும் கேள். இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் தனியாகச் செய்தி அனுப்பினார், "உங்களையும் தூக்கிட்டாங்களா?" என்று. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுக் கேட்டு அவருக்கும் பிடித்துப்போனதாம். நான் எழுதியதற்கு ஆமாம் போட்டார் என்று அவரையும் நீ நீக்கியிருக்கிறாய். அவர் வழியாக இன்னொருத்தி வந்தாள், நர்ஸ் படிப்பு படிக்கிற பெண், நல்ல வாயாடி. அவள் பின்னால் இன்னும் சிலர். நீ தள்ளிவிட்டவர்கள் எல்லாம் ஒரே வாசலில்தான் வந்து விழுந்திருக்கிறோம். எல்லோருமாகச் சேர்ந்து தனியாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறோம், முதலில் வாயைத் திறந்தது நீங்கள்தான் என்று என்னையே அட்மினாகப் போட்டுவிட்டார்கள். தம்பிதான் எல்லாம் செய்து கொடுத்தான், அவன் மேல் கோபப்படாதே. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு விதிதான், முழுவதும் கேட்காமல் கருத்துச் சொல்லக் கூடாது.

அந்த விதியில் முதலில் மாட்டியது நான்தான். வேன்காரர் கேட்டார், "அம்மா, அஞ்சாவது பாட்டு கேட்டீங்களா?" கேட்கவில்லை. கோபத்தில் மூன்றாவதோடு மூடி வைத்திருந்தேன். சனிக்கிழமை எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தபடி ஆல்பம் முழுவதையும் சேர்ந்து கேட்பது என்று முடிவானது. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டேன், அப்பா ஸ்டூலில். அந்த ஐந்தாவது பாட்டில் கண்ணாடியும் உடையவில்லை, காரும் எரியவில்லை. ஒரு பியானோ, அவன் குரல், அவ்வளவுதான். நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது, அதை யாரும் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். தம்பி அர்த்தத்தைப் படித்துக் காட்ட வந்தான், வேண்டாம், கொஞ்சம் பேசாமல் இரு என்றேன். ஆக மொத்தத்தில் என் கருத்து இதுதான், ஆறு பாட்டில் ஒரு பாட்டு அவனுடையது, மீதி ஐந்தும் யாருக்கோ பயந்து பாடியது. என் எரிச்சல் தீரவில்லை, இன்னும் கூடித்தான் போனது, ஏனென்றால் அவனால் முடியும் என்று இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. முடியாதவன் சறுக்கினால் பாவம் என்று விட்டுவிடலாம், முடிகிறவன் ஒளிந்துகொண்டால்தான் வயிறு எரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளிச்சம் இல்லாத அறையில் முழு நாளும் அடைந்து கிடக்காதே, ஞாயிற்றுக்கிழமை கால் வலிக்கிற வரை வெளியே நடந்துவிட்டு வா. நின்றுகொண்டே சாப்பிடாதே. கடைவாய்ப் பல்லைக் காட்டிக்கொள், கூசுகிறது என்று நீ ஊராருக்கு எழுதி எத்தனை நாளாகிறது, டாக்டரம்மாவிடம் கேட்டேன், தள்ளிப் போட்டால் வேர் வரைக்கும் போய்விடும் என்கிறாள்.

எங்கள் பக்கத்தில் சேர வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பம் போடு. உடனே கிடைக்கும் என்று நினைக்காதே, உன் பெயரைச் சொன்னதும் இரண்டு பேர் கூடவே கூடாது என்றுவிட்டார்கள். ஒருத்தி அந்த நர்ஸ் பெண். இன்னொருத்தர் உன் அப்பா, போன வாரம்தான் சேர்ந்தார், இதுவரை அவர் போட்டிருக்கும் ஒரே கருத்து அதுதான். நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வந்து எனக்கு எதிராகவே எழுது, புது மாதிரி மியூசிக் என்று என்னோடு சண்டை போடு, நான் யாரையும் தள்ளுவதில்லை.

எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இரு, நல்லபடியாக இரு, நினைத்தது எல்லாம் உனக்குக் கைகூடட்டும். பல்லை மறக்காதே.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா