பச்சை வட்டம்

7 ஜூலை 2025, திங்கள்
புந்தோங் பஸ் இன்றும் தாமதம். பாலர் பள்ளிக் கதவைத் திறக்கும்போதே தலைவலி. தினேஸ்வரி டீச்சர் வேலையை விட்டுப் போனதிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான். ஓவிய நேரம் என்றால் எனக்கு மேசையில் தலை சாய்க்கும் நேரம் – உண்மையை இங்கேயாவது எழுதலாம்.

பயிற்சி வகுப்பில் கொடுத்த வண்ணப் பட்டியல் சுவரில் இருக்கிறது. சிவப்பு கோபம், நீலம் சோகம், மஞ்சள் சந்தோஷம், கறுப்பு பயம், பச்சை அமைதி. பிள்ளை எந்த வண்ணத்தை அதிகம் தீட்டுகிறதோ, அந்த வண்ணத்தில் ஒரு வட்டத்தை வீட்டுக்கு வாட்சப்பில் அனுப்ப வேண்டும். தர்மேந்திரன் சிவப்பு, வழக்கம்போல. மெஹ்ரீன் பச்சை.

அவள் உம்மா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து வயதில் எவ்வளவு பக்குவம்.

10 ஜூலை, வியாழன்
மெஹ்ரீன் பச்சை. எனக்குக் கால் வலி.

11 ஜூலை, வெள்ளி
மெஹ்ரீனின் வாப்பா ஸுஹைர் வந்தார். சாப்பாட்டுக் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார், சட்டையில் குழம்பு வாசம்.

"டீச்சர், இந்த மாசக் கடைசில பிள்ளைய சுங்கை சிப்புட்டுக்கு, எங்க அக்கா வீட்டுக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன். கடையையும் பார்த்து அவளையும் பார்க்க முடியல லா. முதல்ல பயமா இருந்துச்சு. ஆனா நீங்க டெய்லி பச்சை அனுப்புறீங்க. தேறிட்டா, இல்ல?"

"தேறிட்டா அண்ணே" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் நிம்மதி. ஒரு பிள்ளை குறையும் – இதையும் எழுதித் தொலைக்கிறேன்.

15 ஜூலை, செவ்வாய்
இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. பெயிண்ட் வேண்டாம், கிரேயானை எடுங்கள் என்று சொல்லிவிட்டு, கால் கெஞ்சியதால் மெஹ்ரீன் பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் பார்த்தேன். இவ்வளவு நாளும் முடிந்த தாளைத்தானே பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு பெண்ணை வரைந்தாள். படுத்திருக்கும் பெண். விரல்கள், வளையல், எல்லாம் நிதானமாக. பிறகு பச்சையை எடுத்துக் காலிலிருந்து மேலே தீட்டிக்கொண்டே போனாள். முகமும் மறைந்தது.

"ஏம்மா மூடுற?"

"உம்மாவ இப்படித்தான் மூடியிருந்தாங்க டீச்சர். பச்சைத் துணி. பக்கத்து வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தேன். மூஞ்சிய எனக்குக் காட்டல."

புந்தோங்கிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பச்சைத் துணி போர்த்திய ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போகும்போது எத்தனை தடவை சாலையோரம் ஒதுங்கி நின்றிருப்பேன். பச்சைன்னா அமைதியாம். எவன் சொன்னான்? பெத்தவளப் பறிகொடுத்த பிள்ளைக்கு நான் பாட்டுக்கு வட்டம் அனுப்பிட்டு இருந்திருக்கேன், பாவி.

16 ஜூலை, புதன்
ஸுஹைரின் கடைக்கே போனேன். மதியக் கூட்டம் குறையும்வரை நின்றேன்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு. பிள்ளை தேறல."

தாளைக் காட்டினேன், அவள் சொன்னதையும் சொன்னேன். கல்லாவிலிருந்து எழுந்து பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"கடைசியா முகம் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டாங்க டீச்சர். சின்னப் பிள்ளை, பயந்துடும்னு நான்தான் வேணாம்னேன்."

திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுங்கை சிப்புட் பற்றிக் கேட்டேன்; தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார்.

18 ஜூலை, வெள்ளி
பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். "அப்புறம் வீட்டுக்கு என்னத்த அனுப்புவீங்க?" என்று பள்ளி நடத்தும் வீரம்மா அக்கா கேட்டார். தெரியவில்லை அக்கா என்றேன்.

31 ஜூலை, வியாழன்
மெஹ்ரீன் இன்றோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். ஸுஹைர் வாசலில் விட்டுவிட்டு, "அக்காவ இங்க வந்து இருக்கச் சொல்லிட்டேன்" என்றார். வாப்பாவும் தானும் தினமும் போனில் உம்மா படம் பார்ப்பதாக மெஹ்ரீன் சொன்னாள்.

ஓவிய நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பச்சையைக் கழுத்துவரை தீட்டி நிறுத்தினாள்.

"கறுப்பு குடுங்க டீச்சர்."

கறுப்பு பயம் – என் மனம் இன்னும் அந்தப் பட்டியலைத்தான் ஒப்பிக்கிறது.

"எதுக்கும்மா?"

"முடிக்கு. உம்மாவுக்கு இவ்ளோ நீளம் முடி. வெளிய முக்காடு போடுவாங்க, யாருக்கும் தெரியாது."

தாள் போதாமல் மேசைமேலும் தீட்டினாள். துடைக்காமல் வந்துவிட்டேன்.