ஈரச் சாக்கு வேணாம்

ஓசூர்

அன்புள்ள மாமாவுக்கு,

கலையரசி எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீங்களும் அத்தையும் சொகமா? பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? போன்ல சொன்னா பாதியிலயே கோவிச்சுக்கினு வெச்சிடுவீங்க, அதான் லெட்டர்.

நான் காய் தரம் பிரிக்கிற குடோனுக்கு நேத்து ஒரு விவசாயியோட வெண்டைக்காய் வந்துச்சு. உங்கள மாதிரியே தண்ணி தெளிச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார். சூப்பர்வைசர் தொட்டுப் பாத்துட்டு ரிஜக்ட்டுன்னார். திண்டிவனத்துல சூப்பர்மார்க்கெட்காரங்க உங்க காயைத் திருப்பினது ஞாபகம் வந்து, பிஞ்சுக் காயை ஏன் கழிக்கறீங்கன்னு சத்தம் போட்டுட்டேன். வேலைக்கு ஆபத்து இல்ல, பயப்படாதீங்க. முன்னாடி ஈரத்தோட வாங்கி வெச்ச ட்ரேயை சூப்பர்வைசர் காட்டினார். காயெல்லாம் கறுப்புப் புள்ளி.

மார்க்கெட்டுல தண்ணி தெளிச்சாத்தான் வாங்குவாங்க. சூப்பர்மார்க்கெட்டுக்கு அனுப்பற இவங்களுக்கு ஈரமே ஆவாது. அதை விவசாயிங்ககிட்ட சொன்னா இன்னான்னு கேட்டேன். யாரும் கேட்கலையேன்றார். திருப்பி அனுப்பத் தெரியுது, ஏன்னு சொல்ல வாய் வரல. ஆனா அந்த விவசாயிக்கு என்னையே போன் போட்டு சொல்லச் சொன்னார்.

வெண்டையை ஏர் ஓட்டி அழிச்சிடுவேன்னீங்களே, அதனால அழிச்சிடாதீங்க. பனி காஞ்சப்புறம் பறிச்சு, காஞ்ச சாக்குல கொண்டு போங்க. வளைஞ்ச காயை எப்படியும் கழிப்பாங்க. எங்க மெஸ்ல சமைக்கறது இங்க கழிச்ச காய்தான். நம்ம கொல்லைக் காய் மாதிரி வளைஞ்சதாப் பாத்து எடுத்துக்கறேன்.

வறுத்த மல்லாட்டையும் (இங்க வேர்க்கடலைன்னாத்தான் புரியுது) என் பழைய போர்வையும் அனுப்புங்க. ஷிப்டுக்கு வண்டி வந்துடுச்சு. திண்டிவனத்துல காயை எடுத்துக்கினா உடனே போன் பண்ணுங்க. எடுக்கலன்னாலும் பண்ணுங்க.

உங்க கலையரசி