அது கக்கூஸ் சாவி

லிமா, ஆகஸ்ட் 1986

அன்புள்ள அம்மா,

மீன் ஆலையிலிருந்து அலுத்து வரும் உன்னை இதையும் படிக்க வைப்பதற்கு மன்னித்துவிடு. முழங்கால் வீக்கம் குறைந்ததா? நான் நலம்.

நேற்று பத்திரிகை அலுவலகத்தில் எனக்குப் பிழை திருத்த வந்த கட்டுரை எங்கள் பங்க் ராக் குழுவின் பாட்டைப் பற்றியதே. நான் எழுதி, சூலெமா மேடையில் தொண்டை கிழியக் கத்துவாளே, ‘சாவியைக் கொடு’, அதுதான். சாவி என்றால் சொர்க்கத்தின் சாவியாம். கடவுளைத் தொலைத்த தலைமுறையின் ஏக்கமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரையாளர் எவாரிஸ்தோவிடமே போய், “சார், அது கக்கூஸ் சாவி” என்றேன்.

“எழுத்துப்பிழைய மட்டும் பாரும்மா. அர்த்தமெல்லாம் பாட்டு எழுதினவனுக்கே தெரியாது.”

“எழுதினவ நான்தான் சார்.”

“அப்போ உனக்கும் தெரியாது” என்று சிரித்தார். கட்டுரை அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

மேற்பார்வையாளர் இடுப்பில் தொங்கிய சாவிக்காக, கையெல்லாம் மீன் செதிலோடு நீ கெஞ்சி நின்றதில் என்ன சொர்க்கம் அம்மா? “இப்பதானே போன?” என்று எல்லோர் முன்னும் அவர் கேட்டது, உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் காதிலும் விழுந்தது.

வறுக்கிற சோளம் கொஞ்சம் அனுப்பு. இங்கே வாங்குவதில் நம் வீட்டு வாசனை இல்லை.

நம் ஊர் சிம்போதேவுக்குப் பேருந்து கிளம்பப் போகிறது, ஓட்டுநரிடம் இதைக் கொடுக்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர் இன்னும் உனக்கு மேலதிகாரியாகத்தான் இருக்கிறார் என்று தெரியும். நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன். அடுத்த மாதம் பாடும்போது, நானே மைக்கைப் பிடித்து, சாவி கேட்டு நின்றவள் யார் என்று உன் பெயரைச் சொல்லட்டுமா?

உன் நெரைதா