வலி இல்லாதவர் வரிசை

பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பாவின் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே பாப்பா நலம். நானும் நலம் என்று எப்போதும் அடுத்த வரியில் எழுதுவேன். இந்தத் தடவை பேனா நகர மறுக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். நீ பார்க்க வேண்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறாள்.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். தோள்வலி, கைவலி ஆரம்பிக்கும்போதே ரத்தத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியாம். வலி உள்ளவர்கள் ஒரு வரிசை, ஒப்பிட்டுப் பார்க்க வலி இல்லாதவர்கள் ஒரு வரிசை. துணி மடிக்கும் அக்கா முதல் ஆளாகப் போய் வலி வரிசையில் நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். அக்காவுக்கு வேலைன்னாதான் கை வலிக்கும், சாப்பாடுன்னா வலிக்காது என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அப்படிச் சொன்ன வாயோடு அவர் பின்னால் போய் நிற்க முடியுமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலி இல்லாதவர் வரிசைக்குப் போனேன். என்னைத்தான் அங்கே பீமன் என்று கூப்பிடுகிறார்களே.

உண்மை என்னவென்றால், அதற்கு முன்பிருந்தே இஸ்திரி இயந்திரத்தின் மூடியை இழுத்து இறக்கும்போதெல்லாம் வலது தோள் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

போன வாரம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று ஏறுமாம். என் வரிசையில் எனக்கு மட்டும் அது கூடியிருந்தது. அதை மட்டும் வைத்துக் கைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார். காய்ச்சலா, பல்வலியா, எங்காவது புண்ணா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தேன். பிறகு, பரணிலிருந்து டப்பா எடுப்பதுபோல் கையைத் தூக்கச் சொன்னார். காதுக்கு மேல் போகவில்லை. அவருடைய ஆராய்ச்சியையே கெடுத்துவிட்டேனே, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முதல்லயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்னும் ஆரம்ப நிலைதானாம். இப்போதே ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் தேறிவிட நிறைய வாய்ப்பு உண்டு, இப்படியே மூடியை இழுத்துக்கொண்டிருந்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். இப்போது என்னைத் துணிகளுக்கு டோக்கன் குத்தும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அந்த அக்காவுக்குப் பக்கத்திலேயே. மன்னிப்புக் கேட்டேன். போடா பீமா, உன்னைவிட உன் ரத்தம் யோக்கியம்டா என்று சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

இதுவரை உள்ளதையாவது எப்படியோ எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். பாப்பாவுக்குப் பேன் விழுந்ததால் முடியை வெட்டிவிட்டேன் என்று சொன்னேனே, பேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையில் பின்னல் போடத் தூக்கிய கை மேலே நிற்கவில்லை. அவளைத் தரையில் உட்கார வைத்தும் பார்த்தேன். பாதிப் பின்னலில் கை தளர்ந்து விழுந்துவிடும். இடுப்பு வரை இருந்த முடி. நீ போனில் அழுதாய், நான் பேனைத் திட்டினேன். அம்மா கேட்டால் பேன் என்றே சொல்லு என்று பிள்ளைக்கும் பொய் சொல்லிக்கொடுத்தேன். அவள் இன்று வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதறிப்போய் லீவு கேட்காதே. நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரை நடுவில் விட்டுவிட்டு வராதே. குறித்த தேதிக்கே வா. பெட்டிகளைத் தூக்க என் தம்பியை விமான நிலையத்துக்குக் கூட்டி வருகிறேன். கூட்டத்தில் பாப்பா உன்னைப் பார்த்ததும் தூக்கிக் காட்டச் சொல்லி என்னிடம்தான் கையை நீட்டுவாள். அப்போது நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நிற்பேன். நீ ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொள். ஏன் என்று அங்கே மட்டும் கேட்டுவிடாதே.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அப்பா