சலவைக்கடை நாடகத்தின் கடைசிக் காட்சி

நியூவார்க்,
9 அக்டோபர் 1983

அன்பு மகள் டெல்ஃபினுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சுகம், மழை வந்தால் அவர் முழங்கால்தான் முனகுகிறது. ஓக்லாந்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. பேரணியில் ஆட வேண்டுமானால் நடுவே முழக்கம் போட வேண்டும் என்று சங்கத்தார் சொன்னார்களாம், சங்கமும் வேண்டாம் ஆட்டமும் வேண்டாம் என்று உனக்கு வெறுத்துவிட்டதாம். படித்ததும் எழுபதாம் வருஷம் கண்முன்னே வந்து நின்றது. உனக்கு அப்போது ஒன்பது வயது. மூடிக்கிடந்த சலவைக்கடையில் நாங்கள் ஆறு பெண்கள் நாடகம் போட்டோமே, ஊரார் துணியைத் துவைக்கிறவள் ஒருநாள் வேலைக்குப் போகாமல் தனக்கென்று ஒரு சிவப்புக் கவுன் தைத்துப் போட்டுக்கொள்ளும் கதை. நம் கறுப்பர்களில் ஒருவர் மேயர் தேர்தலில் நின்ற சமயம். நம் வட்டாரத் தேர்தல் வேலை அப்பா தலையில். கடைசிக் காட்சியில் எல்லாரும் கையை உயர்த்தி அந்த வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார் அப்பா, நான் முடியாது என்றேன். "கலவரத்துல போலீஸ் சுட்டு இந்தத் தெருவுல சிந்துன ரத்தம் காஞ்சு மூணு வருஷம்கூட ஆகல, உனக்குக் கவுன் கேக்குதா?" என்று கத்தினார். "ஓட்டுக் கேக்க உனக்குத் தெருவெல்லாம் இருக்கு லூதர். நாடகத்துல வர்ற இவ என்ன நெனைக்கணும்னு வெள்ளக்காரனும் சொல்லவேணாம், நீயும் சொல்லவேணாம்" என்றேன். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

நாடகத்தை எழுதியபடியே போட்டோம். கவுனோடு நான் கண்ணாடி முன் திரும்பியபோது சத்தமே இல்லை, தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சமைக்கும் எர்லீன் பின்னாலிருந்து, "இன்னொருவாட்டி சுத்துடி, எனக்குச் சரியாத் தெரியல!" என்றாள். கூட்டம் சிரித்தது, பலர் அழுதார்கள். வாசலில் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேர்தலன்று யாரும் சொல்லாமலே நாடகத்தை நிறுத்திவிட்டு, ஆறு பேரும் வீடு வீடாக ஏறி நடக்க முடியாதவர்களை ஓட்டுப் போட லாரியில் ஏற்றிப் போனோம். ஜெயித்தோம். தெருவே ஆடிய கூட்டத்தில் அப்பா என்னைத் தேடி வந்து, "அந்தக் கவுன எனக்காக ஒருவாட்டி போட்டுக்கோயேன்" என்றார். இப்போது அந்தச் சலவைக்கடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கடந்து போகும்போதெல்லாம் மேடை எங்கே இருந்தது என்று கண் தேடுகிறது.

நாடகத்தில் பெயரைச் சொல்லும்படி அப்பா கேட்டதிலும் நியாயம் இருந்தது மகளே, தோற்றுவிடுவோமோ என்று பயந்துபோய்க் கேட்டார். உன் சங்கத்தாரும் அப்படித்தான். அவர்களோடு கொடி பிடி, வீடு வீடாக ஏறு. ஆட்டத்தை மட்டும் நீ நினைத்தபடி ஆடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. ஆடும் தேதியை மறக்காமல் எழுது, பஸ்ஸில் கிளம்பி வருகிறோம். இதைப் படித்துவிட்டு அப்பா, "நான் கத்தவே இல்லன்னு எழுது" என்கிறார். கத்தினார்.

உன் பிரியமுள்ள அம்மா,
வெர்லீன்